ஆண் மூன்று, பெண் இல்லை

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் குளிர்காலத்துக்கு விறகு இறக்கினார். பச்சையாக வெட்டிய பைன் கட்டைகள், இரவு மழையில் நனைந்திருந்தன. கதவைத் திறந்தவுடன் அந்தப் பிசின் மணம் முகத்தில் அடித்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். "என்னப்பா, ஆர் வந்தது?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். ஒருவருமில்லை என்றேன். அவள் நம்பியிருப்பாள். நம்பியிருக்க மாட்டாள் என்றும் உடனே நினைத்தேன். என் குணம் உமக்குத் தெரியும்.

அதற்கு நீர் ஒரு வாசகம் வைத்திருந்தீர். "அரிசிக்குள்ளை கல்லுத் தேடலாம் காணும். நீர் பாணுக்குள்ளையும் தேடுறீர்." அப்போது சிரித்தேன். பிறகு, இதை ஏன் சொன்னீர், யாரிடம் கேட்டு வந்து சொன்னீர் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நீர் காலமாகிப் பத்து மாதமாகிறது. இந்தப் பத்து மாதத்தில் நடந்தவற்றை உமக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நீரும் நானும் அறிந்ததை, ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லாததை, ஒரு முறை எழுத வேண்டும்.

எண்பத்தேழின் இலையுதிர் காலத்தில், டென்மார்க் வந்த புதிதில், ஹேர்னிங்கில் நாங்கள் மூன்று பேர் ஒரே பிளாட்டில் இருந்தோம். சிவம் அண்ணை எங்களில் மூத்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்க மனேஜர், இங்கே எங்கள் இருவரோடும் பின்னலாடைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுபவர். அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். என் மனைவியும் இரண்டு வயது மகளும் கோப்பாயில். உமக்கு மட்டும் ஒருவரும் வர வேண்டியிருக்கவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் நீர். தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் கட்டவில்லை, வங்காலையில் ஒரு அக்கா மட்டும்.

நானும் அண்ணையும் குடும்பத்தை அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தோம். முன்னால் போட்டவர்களுக்குச் சில மாதங்களில் பதில் வந்திருந்தது. எங்களுக்கு வரவில்லை. கோபன்ஹேகன் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தால் "பார்க்கப்படுகிறது" என்ற ஒரே சொல். ஊரில் இந்திய இராணுவம் இறங்கிச் சண்டை தொடங்கியிருந்தது. கோப்பாயிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் மகள் செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே தானாகவே போய்ப் படுக்கிறாள் என்று இருந்தது. அதன் பிறகு கடிதமே இல்லை.

அந்த மௌனத்தை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கந்தோர் காரணம் சொல்லாததால் காரணத்தை நாங்களே உண்டாக்கினோம். எங்களுக்குள் ஒருவன் கந்தோருக்குப் போய்க் கதைக்கிறான் என்று பேச்சு வந்தது. ஊரில் பிரச்சினை முடிந்துவிட்டது, இவர்கள் உழைக்க வந்தவர்கள், இன்னாருடைய கல்யாணம் பொய்க் கல்யாணம் என்றெல்லாம் யாரோ சொல்லிக் கொடுக்கிறான். மொழிப் பள்ளிக்கூடத்தில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆள் வந்தால் கதை மாறும். என் மகளின் பெயரைக்கூட நான் வெளியில் சொல்வதை நிறுத்தினேன்.

நீர் மட்டும் பறவை பார்க்கப் போனீர்.

அது தொடங்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. தொழிற்சாலை வாசலில் இடைவேளைக்கு நின்றோம். சாயப் பகுதியை மேற்பார்க்கும் போர்மன், யொர்கன், வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். நீர் அண்ணாந்து பார்த்து, அது வாத்து இல்லை, வேறு என்று கையால் கழுத்தை நீட்டிக் காட்டினீர். யொர்கன் உம்மைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்த ஞாயிறு அவருடைய கார் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே வந்து நின்றது. சிவப்புத் தாடி, பச்சை ஜக்கெற், அதிகம் பேசாத ஆள். மூன்று மாதத்தில் எங்களுக்கு ஒரு டேனிஷ்காரர் வணக்கம் சொல்வதே பெரிய விஷயம். உம்மை மட்டும் கார் வந்து ஏற்றிப் போனது.

ஒரு முறை என்னையும் அழைத்தீர். நவம்பர். சில்க்கபோர்க் பக்கத்து ஏரிகள், காடு ஏறி இறங்கும் இடம். இந்த நாட்டில் மலைபோல ஏதாவது இருக்கிறதென்றால் அங்கேதான். பைன் மரங்களுக்கிடையில் நடந்து தண்ணீரோரத்துக்குப் போனோம். யொர்கன் மூன்றுகால் வைத்துத் தூரதர்சினியைப் பூட்டினார். நீர் என் தோளைப் பிடித்துக் குனியவைத்தீர். வட்டத்துக்குள் ஒரு கொண்டை முக்குளிப்பான் தெரிந்தது. மூழ்கியது. எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதுக்கு மேல் எண்ணிய பிறகு வேறொரு இடத்தில் எழும்பியது, வாயில் வெள்ளி மீன்.

"எங்கை எழும்பும் எண்டு சொல்லேலாது," என்றீர். "அதுதான் இதிலை உள்ள விசயம்."

"ஊரிலை பிள்ளைகள் பதுங்கு குழிக்குள்ளை கிடக்க, நாங்கள் இஞ்சை தாராவைப் பாக்கிறம்," என்றேன்.

நீர் கோபிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, "பிளாட்டிலை எந்த நேரமும் கேஸ், கேஸ் எண்ட கதைதான். கதைக்காமல் இருக்க எனக்கொரு இடம் வேணும்," என்றீர். அந்த வாசகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கேஸ் பற்றிய கதை பிடிக்காத தமிழன் யார்? கேஸ் இல்லாதவன். அல்லது எங்கள் கேஸின் முடிவு முன்னமே தெரிந்தவன்.

அதன் பிறகு நான் வரவில்லை. நீரும் கூப்பிடவில்லை.

எண்பத்தெட்டு ஏப்ரலில் உம்முடைய நடத்தை மாறியது. ஞாயிறு மட்டுமல்ல, சனிக்கிழமையும் மொப்பெட்டில் தனியே போனீர். எங்கே என்று கேட்டால், "சும்மா, ஏரிப்பக்கம்". முன்பு இந்த ஏரி அந்த ஏரி என்று பெயர் சொல்லுவீர். இப்போது சொல்வதில்லை. திரும்பி வந்ததும் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் விறாந்தையில் இருந்த தொலைபேசியை எடுத்து, தாழ்ந்த குரலில் யொர்கனிடம் பேசுவீர். நான் குசினியில் அடுப்படியோடு நின்று கேட்டேன். மொழிப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் அவன், அவள் படித்திருந்தேன். ஹான் என்றால் அவன். ஹுன் என்றால் அவள். நீர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது.

"அவன் தனியே இருக்கிறான். அவள் இன்னும் வரவில்லை."

பிறகு மறுபக்கம் சொன்னதற்கு, "இல்லை, நான் ஒருவருக்கும் சொல்லவில்லை," என்றீர்.

 எங்கள் பிளாட்டில் அவள் வராமல் தனியே இருப்பவன் யார்? நான். சிவம் அண்ணை. வேறு யார்?

அடுத்த சனிக்கிழமை நீர் குளிக்கப் போன நேரம் உம்முடைய ஜக்கெற் பையிலிருந்த கொப்பியை எடுத்தேன். திறக்கும்போது வெட்கமாக இருந்தது. வாசித்த பிறகு வெட்கம் போய்விட்டது. தமிழில் சின்ன எழுத்து.

"ஆண் தனி. பெண் இல்லை. 9ஆம் நாள்."

"வெளியே போனது 7.05. திரும்பியது 7.50."

"கிழக்கு: ஆண் மூன்று, பெண் இல்லை."

"யொ.வுக்கு மட்டும். மற்ற ஆட்களுக்குச் சொல்லக் கூடாது."

எங்கள் பிளாட் கட்டிடத்தின் கிழக்குப் பக்கம். அதற்குள் ஆண் மூன்று. பெண் இல்லை. நான் காலை வேலைக்கு இறங்குவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. கொப்பியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, உம்முடைய ஈரத் தலையைப் பார்த்துச் சிரித்து, "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். நீர் ஓம் என்றீர். போட்டுத் தந்தேன். நீர் குடிக்கும்போது உம்முடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவம் அண்ணையிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். உம்மிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் நீர் உசாராகிவிடுவீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் அண்ணை. "உவனுக்கென்ன, ஒருத்தரும் வரத் தேவையில்லை. குருவி பாக்கிறது ஒரு சாட்டு. எங்கை போறான் எண்டு பாப்பம்."

மே மாதம், ஒரு ஞாயிறு. அண்ணையிடம் பழைய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. யொர்கனின் காருக்குப் பின்னால் தூரம் விட்டுப் போனோம். மடியில் மரக்கறி ரோல்ஸ், ஊர்ச் செய்திகள் அச்சிட்ட தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி. அண்ணை ஏதோ கோயில் திருவிழாவுக்குப் போவதுபோலச் சாப்பாடு கட்டியிருந்தார். காட்டுப் பாதையில் அவர்களுடைய கார் நின்றிருந்தது. எங்களுடையதை வளைவுக்கு இப்பால் நிறுத்தினோம். கண்ணாடி இறக்கியிருந்ததால் பைன் பிசின் மணம் கார் முழுக்க.

மரங்களுக்கிடையில் எட்டிப் பார்த்தேன். ஏரியின் ஒரு கை உள்ளே வளைந்து வந்திருந்தது. அதன் ஓரத்தில் கிளைகளால் கட்டிய மறைப்புக்குப் பின்னால் நீரும் யொர்கனும் அசையாமல் இருந்தீர்கள். தூரதர்சினி எதிர்க்கரையைப் பார்த்தபடி. பறவை பார்க்க மறைப்பு எதற்கு? அன்று நவம்பரில் மறைப்பு இருக்கவில்லையே! எதிர்க்கரையில் ஏதோ வீடு, ஆட்கள் சந்திக்கும் இடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அண்ணைக்கும் அப்படியே. உங்கள் கண்ணில் படாமல் காட்டைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போனோம்.

அங்கே வீடு இல்லை. தண்ணீரோரம் உயரமான ஒரு பைன், உச்சி தட்டையானது. கீழே வந்து நின்றதும் மேலே ஒரு கூச்சல். பெரிய பறவை ஒன்று, வயிறு வெள்ளை, செட்டை நீளம், எங்கள் தலைக்கு மேல் எழும்பிச் சுற்றியது. சுற்றிச் சுற்றிக் கத்தியது. உச்சியில் தடிகளால் கட்டிய பெரிய கூட்டை அப்போதுதான் கண்டேன்.

"இது குருவி அண்ணை," என்றேன். "மெய்யாவே குருவிதான் பாக்கினம்."

"சத்தம் போடாதை. அவங்கள் இஞ்சாலை பாக்கிறாங்கள். குந்து."

மரத்தின் அடியில் குந்தினோம். நல்ல குளிர். தூறல் தொடங்கியது. எழும்பினால் கண்டுவிடுவீர்கள் என்ற பயம். அரை மணித்தியாலம் அப்படியே இருந்தோம். பறவை கத்தியபடி சுற்றியது, கூட்டில் இறங்கவே இல்லை. பிறகு அது தூரப் போனது. அண்ணைக்குப் பசி. ரோல்ஸைச் சாப்பிட்டார். எனக்கும் ஒன்று தந்தார். சாப்பிட்டேன். பிறகு காருக்கு ஓடினோம். பத்திரிகைத் தாள் அங்கேயே கிடந்தது. அதை நான் கண்டேன், குனிந்து எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து யொர்கன் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைக்கு வந்தார். நானும் நீரும் அண்ணையும் ஒரே மேசை. அவர் உட்காரவில்லை. ஈரத்தில் ஊறிக் காய்ந்த ஒரு தாளை உமக்கு முன்னால் வைத்தார். எண்ணெய்க் கறை. தமிழ் எழுத்து.

"இது உன்னுடைய மொழியா?"

"ஓம்," என்றீர், தமிழில். பிறகு டேனிஷில்.

"கூட்டுக்குக் கீழே கிடந்தது. அவள் திரும்பி வரவேயில்லை. முட்டைகளைக் காகம் தின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் மீன்பருந்து கூடு கட்டி எத்தனை காலம் என்று உனக்கு நான் சொன்னேன். ஒருவருக்கும் சொல்லாதே என்று கேட்டேன். முட்டை திருடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன்."

அவள். அந்தப் பெண். ஒன்பது நாள் வராமல் இருந்து பிறகு வந்தவள். டேனிஷில் பறவைக்கும் அவள்தான் என்பதை எங்கள் பாடப் புத்தகம் சொல்லியிருக்கவில்லை. கொப்பியின் ஒவ்வொரு வரியும் என் தலைக்குள் திரும்பி அர்த்தம் மாறியது. கிழக்குக் கரையில் மூன்று ஆண் என்றது ஏதோ வாத்து.

"இது யாருடையது?" என்று யொர்கன் கேட்டார்.

நீர் தாளைப் பார்த்தீர். ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். அரை நொடி. பிறகு, "என்னுடையது," என்றீர்.

நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். அண்ணை கோப்பையைக் கழுவப் போனார். யொர்கன், "அப்படியா," என்று மட்டும் சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவருடைய கார் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே வரவில்லை.

ஒரு மாதத்துக்குள் நீர் வேலையை விட்டு, கோபன்ஹேகன் பக்கம் புரொண்பிக்குப் போனீர். நான் பெட்டி தூக்க உதவினேன். கீழே பஸ் தரிப்பில் நின்றபோது, "உம்மட அலுவல் கெதியிலை சரிவரும் காணும்," என்றீர். என்ன அலுவல், ஏன் இப்போது சொல்கிறீர் என்று மனதுக்குள் அதையும் உடைத்துப் பார்த்தேன். அண்ணை ஊர் முழுக்கச் சொன்னார்: "பாத்தியளோ, பிடிபட்டவுடனை ஓடுறான்." நான் மறுக்கவில்லை. நாங்கள் குருவி கலைத்த கதை பொலிசுக்குப் போனால் பைலில் ஏறும், என் மனைவி வர முடியாது என்ற பயம் என்னிடம் இருந்தது. அது உண்மை. அந்தப் பயம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்.

நீர் "என்னுடையது" என்று சொன்னதற்கு நானே ஒரு விளக்கம் செய்து வைத்திருந்தேன். உம்முடைய பையிலும் தமிழ்ப் பத்திரிகை இருக்கும். நீர் உண்மையிலேயே அது உம்முடையது என்று நினைத்திருப்பீர். உமக்கு எதுவும் தெரியாது. இந்த விளக்கத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் படுத்து எழும்பினேன்.

எண்பத்தொன்பது முடிவில் என் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் என்னை மாமா என்று கூப்பிட்டாள். சிவம் அண்ணையின் குடும்பமும் வந்து, பிறகு எல்லோருமாகக் கனடா போய், அவர் அங்கேயே காலமானார். நீர் தொண்ணூறில் இந்தியா போய்க் கல்யாணம் கட்டினீர். இப்போது உமக்கும் ஒருத்தி வர வேண்டியிருந்தது. அவ இங்கே வந்து சேர மூன்று வருடம் பிடித்தது.

இடையில், தொண்ணூற்று மூன்று ஜனவரியில், இந்த நாட்டு அரசு எங்களால் விழுந்தது. எங்களுடைய விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கச் சொன்னது நீதியமைச்சரே என்று விசாரணையில் வெளிவந்தது. அன்று பின்னேரம் நீர் தொலைபேசி எடுத்தீர். ஐந்து வருடத்தில் அது மூன்றாவது முறை.

"கேட்டீரோ? மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினவையாம்."

"ஓம், செய்தியிலை சொன்னவை."

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை."

  வயரில் இரைச்சல் மட்டும் கேட்டது. இவனுக்குத் தெரியுமோ, என்னைக் குத்துகிறானோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "இனி இவவும் வந்திடுவா," என்று சொல்லி நீர் சிரித்தீர். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "ஓம், வந்திடுவா," என்றேன்.

பிறகு கல்யாணம், பூப்புனித நீராட்டு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று சந்தித்தோம். நீர் எப்போதும் தோளில் கை போடுவீர். நான் எப்போதும் அந்தக் கையின் பாரத்தை நிறுத்துப் பார்ப்பேன்.

இப்போது உமக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

புரொண்பியில் உம்முடைய அடக்கப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் மண்டபத்தில் உம்முடைய மனைவி என்னிடம் வந்தா. கறுப்புச் சேலை, கையில் தட்டு. நான் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணை, உங்களிட்டை நீலச் சுவெற்றர் ஒண்டு இருந்ததோ?" என்று கேட்டா.

"ஏன்?"

"அந்த மரத்துக்குக் கீழை நீலச் சுவெற்றரோடை நீங்கள் குந்தியிருந்தனீங்கள் எண்டு சொல்லுவார். தூரம் பாக்கிற குழாய்க்குள்ளாலை கண்டவராம். தன்னோடை நிண்ட டேனிஷ்காரர் மழைக்குள்ளை கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டவராம், காணேல்லையாம்."

மண்டபத்தில் இருந்த கதிரையை இழுத்து இருந்தேன். அவவுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. உம்மைப் பற்றிய நல்ல கதையாகத்தான் சொன்னா.

"பொலிசிலை உங்கட பேர் வந்தால் உங்கட மனிசியும் பிள்ளையும் வரேலாது எண்டு நினைச்சவர். 'எனக்கு அப்ப ஒருத்தரும் வர இருக்கேல்லை, எனக்கென்ன' எண்டு சொல்லுவார். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

ஆகவே அந்த அரை நொடியில் நீர் என்னைப் பார்த்தது தற்செயல் அல்ல. என் விளக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வரும் மூன்று மணித்தியாலக் காரோட்டத்தில் வேறொன்று செய்ய முயன்றேன். என்னைக் கடமைப்பட வைக்கத்தான் செய்தீரோ என்று. பிரெடெரிசியா தாண்டும்போது எனக்கே அருவருத்தது. அப்படியானால் ஏன் முப்பது வருடம் சொல்லாமல் இருந்தீர்?

வசந்தத்தில் யொர்கனைத் தேடினேன். ஹேர்னிங் பெரிய ஊரில்லை. தொழிற்சாலை மூடிப் பல காலம், ஆனால் பழைய ஆட்களில் ஒருவர் சொன்னார், சில்க்கபோர்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று. தாடி வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்குத் தீனித் தட்டு. என்னை அடையாளம் தெரியவில்லை. உம்முடைய பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

"கூட்டுக்குக் கீழே இருந்தது நான்," என்றேன். "அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் பின்தொடர்ந்து வந்தேன்."

அவர் கம்பளியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டார். பிறகு கேட்டார்: "எவ்வளவு நேரம் இருந்தாய்?"

"அரை மணித்தியாலம்."

"மழையா?"

"தூறல்."

"முட்டை ஆறிப்போயிருக்கும்," என்றார். எனக்கில்லை, தனக்குத்தான் சொன்னார். "ஏன் பின்தொடர்ந்தாய்?"

ஹான், ஹுன் கதையைச் சொன்னேன். கொப்பியைப் பற்றிச் சொன்னேன். என் டேனிஷ் இப்போது நல்லது, ஆனாலும் சொற்கள் இடறின. அவர் சிரிக்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவனைப் பொலிசில் எழுதிக்கொடுத்தேன்," என்றார். "பெயர், விலாசம் எல்லாம். கூப்பிட்டு விசாரித்தார்கள். எச்சரித்து அனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அவனோடு மூன்று பருவகாலம் அந்த ஏரியில் இருந்தேன். என் சொந்தத் தம்பியோடுகூட அவ்வளவு நேரம் இருந்ததில்லை." பிறகு, "அவனிடம் எப்போது சொன்னாய்?" என்று கேட்டார்.

"சொல்லவில்லை."

அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார். நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். போகும்படி அவர் சொல்லவில்லை. இருக்கும்படியும் சொல்லவில்லை.

பொலிஸ் கூப்பிட்டதை நீர் ஒருவருக்கும் சொல்லவில்லை. புரொண்பிக்கு ஏன் போனீர் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீர் கல்யாணம் கட்டி விண்ணப்பம் போட்டபோது உம்முடைய பைலில் அந்தத் தாள் இருந்திருக்குமோ? அந்த மூன்று வருடத்துக்கு அதுதான் காரணமோ? பலருக்கும் பிடித்த காலம்தான் உமக்கும் பிடித்தது என்று ஒருவர் சொல்லலாம். எனக்குத் தெரிந்து மூன்று வருடம் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். எண்பத்தெட்டில் எங்கள் எல்லோரையும் ஒருவன் காட்டிக்கொடுக்கிறான் என்று தேடினோம். அப்படி ஒருவனும் இருக்கவில்லை. மே மாதத்தில் அந்த மரத்தடியில் குந்தியிருந்தவனைத் தவிர.

ஆகஸ்டில் புரொண்பிக்குப் போனேன். உம்முடைய மனைவி மாடியில் தேத்தண்ணி வைத்தா. யொர்கன் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். பொலிஸ், பெயர், விலாசம். அவவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நீர் அவவிடமும் சொல்லியிருக்கவில்லை.

"நீங்கள் இந்தியாவிலை இருந்த மூண்டு வருசமும் என்னாலைதானோ தெரியாது," என்றேன்.

அவ கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுக் கலக்கினா. சீனி கரைந்த பிறகும் கலக்கினா. பிறகு கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தா.

"அது எல்லாருக்கும் பிடிச்சதுதானே அண்ணை," என்றா. "நீங்கள் குடியுங்கோ, ஆறுது."

குடித்தேன். கைகுலுக்கி, பிள்ளைகளை விசாரித்து, ரயிலேறி வந்தேன். அவ மனதாரச் சொன்னதாகவே இருக்கலாம். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகவும் இருக்கலாம். நீராக இருந்தால் அந்த வார்த்தையைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டிருப்பீர். நான் இன்னும் அவ கரண்டியைக் கீழே வைக்க எடுத்த நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.